ஹெரான் ஏரித் தொகுதியின் கடைசி வாக்கு

24 ஜனவரி 1938, திங்கள்

வாக்குச்சீட்டுப் புத்தகங்கள் இன்றைய ரயிலில் தேர்தல் அதிகாரியான என் பெயருக்கு வந்து சேர்ந்தன. எண்ணினேன், சரியாக இருந்தது. மறுபடியும் எண்ணினேன். ஹெட்லி அடுப்பருகே உட்கார்ந்துகொண்டு, "மொத தடவையே சரியா இருந்துச்சுன்னா ரெண்டாவது தடவை எதுக்கு?" என்று கேட்டான். முதல் தடவையே சரியாக இருந்ததுதான் எனக்குச் சந்தேகமாகிவிட்டது என்று கட்டின புருஷனிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் சட்டமன்ற உறுப்பினர் நவம்பரில் ரயிலில் போகும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அதனால் இடைத்தேர்தல். போட்டி இருவருக்குள். கடைக்காரர் கில்கிரைஸ்ட், சுரங்கக் கம்பெனியின் ஆள். நில்ஸ் சோர்லி, தொழிற்சங்கச் செயலாளர். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொகுதியே இந்த வருடத்தைத் தாண்டாது. எங்களைக் கீழ் ஏரித் தொகுதியோடு சேர்த்துவிட மசோதா தயாராகிவிட்டதாம்.

"சாகக் கெடக்கறவருக்குப் பல்செட்டு கட்டுற மாதிரி இருக்கு" என்றான் ஹெட்லி. சிரித்தான். சிரிப்பு வழக்கம்போல் இருமலில் போய் நின்றது. பதினெட்டு வருடம் பாறையைத் துளைத்த தூசி முழுவதும் அவன் நுரையீரலில் இருக்கிறது. மேனேஜர் கிராண்டல் பார்த்து விளக்கறையில் உட்கார்ந்த வேலை கொடுத்திருக்கிறார். சுரங்க விளக்குகளைத் துடைத்து எடுத்துக் கொடுத்தால் போதும். இந்த வீடும் கம்பெனி வீடுதான். அந்த நாற்காலி போனால் இவனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்?

27 ஜனவரி, வியாழன்

ஏழு சாவடி அதிகாரிகளுக்கும் சுற்றறிக்கை தட்டச்சு செய்தேன். பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் 1903இல் தொகுதி வரைந்தபோது பத்தொன்பது சாவடிகள். வெள்ளி கிடைத்த காலம். மலைக்கு மேலே நான்கு ஊர்கள் இருந்தன, நாலு ஊருக்கும் பாட்டுக்குழு இருந்தது. இப்போது அந்த ஊர்களில் மரநாய்தான் வாக்களிக்க வேண்டும்.

சுற்றறிக்கையில் விதிகளோடு நானாக ஒன்றைச் சேர்த்தேன். ஒவ்வொரு சீட்டின் பின்புறமும் சாவடி அதிகாரி தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும், அது சட்டம். "மையில் மட்டுமே. பென்சில் கூடவே கூடாது" என்பது என் சேர்க்கை. போன தேர்தலில் ஒரு சாவடிக்காரர் மைப்பென்சிலால் போட்டு, பனியில் நனைந்து, சீட்டெல்லாம் ஊதா. தலைநகரிலிருந்து கண்டித்துக் கடிதம் வந்தது. அதனால் பென்சில் வரிக்கு இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

8 பிப்ரவரி, செவ்வாய்

வாக்குப்பதிவு. பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி குளிர். எனக்கு மட்டும் வாக்கு இல்லை. தேர்தல் அதிகாரி வாக்களிக்கக் கூடாது. இது எனக்கு மூன்றாவது தேர்தல், நான் வாக்களித்து ஒன்பது வருடம் ஆகிறது. அதில் ஒரு நிம்மதி உண்டு. யாரும் என் முகத்தைப் பார்த்து எதையும் தேட மாட்டார்கள்.

ஏழாவது மைல் முகாமுக்குப் போகும் தொலைபேசிக் கம்பி காலையிலேயே அறுந்துவிட்டது. சாயங்காலம்தான் சரியானது. எல்லாச் சாவடியும் தொலைபேசியில் எண்ணிக்கையைச் சொல்லி முடித்ததும் கூட்டிப் பார்த்தேன். சோர்லி 381. கில்கிரைஸ்ட் 369.

பன்னிரண்டு. குறைவுதான். ஆனாலும் பன்னிரண்டு பன்னிரண்டுதானே.

11 பிப்ரவரி, வெள்ளி

எழுதி வைத்தால் தெளியும் என்று பார்க்கிறேன்.

மதியம் அர்வோ லெஹ்ட்டோ பனிச்சறுக்கு வண்டியில் முகாமின் வாக்குப்பெட்டியைக் கொண்டுவந்தார். ஏழாவது மைலில் மரம் வெட்டும் ஃபின்லாந்துக்காரர்களின் சாவடிக்கு அவர்தான் அதிகாரி. பெட்டியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு போகாமல் நின்றார்.

"ட்ரெலோர் அம்மா, மை பாட்டில் போற வழியிலேயே உறைஞ்சு வெடிச்சிருச்சு. முகாம்ல மரம் அளக்கற பென்சில்தான் இருந்துச்சு. பென்சில் கூடவே கூடாதுன்னு எழுதியிருந்தீங்க. ரெண்டு கோடு வேற போட்டிருந்தீங்க."

"அதனால?"

"அதனால பின்பக்கம் ஒண்ணும் போடல."

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. "சரி, போங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். முதலெழுத்து இல்லாத சீட்டு செல்லாது. பதினான்கு சீட்டுகள். பென்சிலில் போட்டிருந்தால் சட்டம் ஒன்றும் சொல்லாது. பென்சில் கூடாது என்று சொன்னது சட்டமில்லை, நான்.

யாரும் கேட்காமல் இருந்தால் பெட்டிகள் அப்படியே தலைநகர் போய்விடும். யாரும் திறக்க மாட்டார்கள். கேட்காமல் இருக்கட்டும்.

12 பிப்ரவரி, சனி

கேட்டுவிட்டார்கள். கில்கிரைஸ்ட் தரப்பு மறு எண்ணிக்கைக்கு மனுப் போட்டிருக்கிறது. புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் வைத்து, நீதிபதி முன்னிலையில்.

சட்டப் புத்தகத்தை முழுவதும் படித்தேன். பயம் வந்தால் நான் அதைத்தான் செய்வேன். எண்பத்தோராவது பிரிவு: சாவடி அதிகாரி முதலெழுத்து போடத் தவறினால் சீட்டு தள்ளுபடி, ஆனால் தேர்தல் அதிகாரியின் உத்தரவால் அப்படி ஆனது என்று நிரூபணமானால் நீதிபதி அவற்றைச் சேர்த்து எண்ணலாம்.

ஆக, நான் வாயைத் திறந்தால் பதினான்கும் பிழைக்கும். திறந்தால் என்ன ஆகும்? தொழிற்சங்கக் கம்யூனிஸ்டுகளுக்காகத் தேர்தலைக் கெடுத்தவள் என்று கம்பெனி சொல்லும். அப்புறம் ஹெட்லியின் நாற்காலி?

13 பிப்ரவரி, ஞாயிறு

சுற்றறிக்கையின் கார்பன் நகலையும், மற்ற ஆறு சாவடிகள் பெட்டியோடு திருப்பி அனுப்பியிருந்த தாள்களையும் அடுப்பில் போட்டேன். ஹெட்லி சர்ச்சுக்குப் போயிருந்தான். எனக்குத் தலைவலி என்று சொல்லியிருந்தேன்.

அர்வோவுக்கு அனுப்பிய தாள் மட்டும் அவரிடமே இருக்கிறதே. அவர் எதையும் தூக்கி எறியாத மனிதர்.

16 பிப்ரவரி, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டு, அவர்கள் மேசையில் நீதிபதி உட்கார்ந்தார். முழங்கால் மேசைக்கு அடியில் நுழையவில்லை, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டார். மற்ற ஆறு சாவடியும் இம்மி பிசகவில்லை. ஏழாவது மைல் உறையைப் பிரித்து முதல் சீட்டைத் திருப்பினார். இரண்டாவதைத் திருப்பினார். பதினான்கையும் திருப்பி வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

அர்வோவைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். அதன் மேல்பையில் என் சுற்றறிக்கை மடித்து இருந்தது. அந்த மஞ்சள் தாள் எனக்குத் தெரியாதா? ஒரு மூலை வெளியே தெரிந்தது. நான் அந்த மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் முதலெழுத்து போடல?" என்று நீதிபதி கேட்டார்.

அர்வோ என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான்.

"மறந்துட்டேன், ஐயா."

கில்கிரைஸ்டின் வக்கீல் நகரத்துக்காரர். "உமக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?" என்றார். பின்னால் சிலர் சிரித்தார்கள்.

"ரெண்டு பாஷையில தெரியும், ஐயா. ரெண்டுலயும் மறந்துட்டேன்."

அப்போது யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி என் பக்கம் திரும்பினார். "தேர்தல் அதிகாரி ஏதாவது சொல்லணுமா?"

எழுந்து நின்றேன். எண்பத்தோராவது பிரிவு வரி வரியாகக் கண்முன் ஓடியது.

"இல்லை, ஐயா."

தள்ளுபடி. அந்தப் பதினான்கில் சோர்லிக்குப் பதின்மூன்று, கில்கிரைஸ்டுக்கு ஒன்று. கழித்தால் 368. இந்தப் பக்கமும் 368.

பாவி, அதை நான் யோசித்தே பார்க்கவில்லை. அடுப்பில் தாளை எரிக்கத் தெரிந்தவளுக்கு ஒரு கழித்தல் போடத் தெரியவில்லை. வாக்குகள் சமமானால் தேர்தல் அதிகாரி வாக்களிக்க வேண்டும். மறைவில் இல்லை. எல்லார் முன்னிலையிலும், பெயரை எழுதிக் கையெழுத்திட்டு. திங்கள் நண்பகல்.

17 பிப்ரவரி, வியாழன்

ஹெட்லியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மையைப் பற்றியும், அடுப்பைப் பற்றியும். அவன் அடுப்பில் ஒரு விறகைச் செருகினான்.

"சோர்லிக்குப் போடு வின்னி. அவன் ஜெயிச்சதுதானே அது."

"அப்புறம் உன் வேலை?"

"என் வேலைய நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வாய்? வாசலில் இருந்து விறகு அறைக்குப் போவதற்குள் இரண்டு தடவை நிற்கிறாய். இதைச் சொல்லவில்லை. எழுத மட்டும் செய்கிறேன்.

18 பிப்ரவரி, வெள்ளி

மேனேஜர் கிராண்டல் வீட்டுக்கு வந்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. பூட்ஸ் ஈரமாக இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். தேநீர் குடித்தார். கேக்கை நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு துண்டு வாங்கிக்கொண்டார். தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளம்பும்போது மேலே அண்ணாந்து பார்த்தார். "கூரை ஒழுகுதா? இந்தக் கோடையில மாத்திடலாம்னு இருக்கோம். நீங்க இங்கதான் இருக்கப் போறீங்க இல்லையா?"

"இருப்போம் சார்" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம். ஹெட்லி மாதிரி ஆளுக்கு இந்தக் குளிர்ல வேற ஊர் ஒத்துக்காது."

அவர் போன பிறகு அவர் குடித்த கோப்பையை மூன்று முறை கழுவினேன். திட்டியிருந்தால் தேவலை. மிரட்டியிருந்தால் கோபமாவது வந்திருக்கும். கேக் நன்றாக இருக்கிறதாம்.

19 பிப்ரவரி, சனி

தபாலாபீசில் அர்வோ. ஓடிவிடலாம் என்று பார்த்தேன், அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"உங்க வீட்டுக்காரருக்கு உக்காந்து செய்யற வேலை ஒண்ணுதான் இருக்கு. எனக்கு மரம் எங்க போனாலும் இருக்கு." தொப்பியைச் சரிசெய்தார். "சீட்டு எப்படியும் செல்லாதுதானே அம்மா? யார் தப்பா இருந்தா என்ன?"

எண்பத்தோராவது பிரிவு அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லியிருந்தால் செல்லும் என்று தெரியாது. தன் ஆட்களின் பதினான்கு வாக்கையும் என்னைக் காப்பாற்றுவதற்காகக் கொடுத்துவிட்டது அந்த மனிதருக்கே தெரியாது. எனக்குத் தெரியும். அங்கேயே சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றேன்.

அவர் அந்த மஞ்சள் தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். "திங்கக்கிழமை உங்க மனசுக்குப் பட்டதைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

20 பிப்ரவரி, ஞாயிறு

சோர்லி. முடிவு செய்துவிட்டேன். சோர்லி.

21 பிப்ரவரி, திங்கள்

கில்கிரைஸ்ட்.

22 பிப்ரவரி, செவ்வாய்

நேற்று ஒரு வார்த்தைக்கு மேல் எழுத முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் உட்கார இடமில்லை. சுவரோரம் நின்றார்கள். சுரங்கக்காரர்கள் ஒரு பக்கம், கடைத்தெரு ஒரு பக்கம், முகாமிலிருந்து ஆறேழு பேர் கதவருகே. ஹெட்லி முதல் வரிசையில். பேனாவை மையில் தொடும் வரைக்கும் சோர்லிதான். சத்தியமாக. அப்போது ஹெட்லிக்கு இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டான். என்னைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று அடக்கப் பார்த்தான். தோள் இரண்டும் குலுங்கின.

கை கில்கிரைஸ்ட் என்று எழுதியது.

கை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். நான்தான் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். படித்துக் காட்டும்போது என் குரல் பிசகவே இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். கதவருகே நின்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கடைசியாகப் போன அர்வோ, குளிர் உள்ளே வராதபடி கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஹெட்லி இன்னும் பேசவில்லை.

25 பிப்ரவரி, வெள்ளி

விளக்கறையில் ஹெட்லியிடம் யாரும் பேசுவதில்லையாம். விளக்கை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்களாம். இதை அவன் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அதையும் வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று துணி உலர்த்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

கம்பெனியிலிருந்து இருவர் வந்து கூரையை அளந்துகொண்டு போனார்கள்.

11 மார்ச், வெள்ளி

மசோதா நிறைவேறிவிட்டது. ஹெரான் ஏரித் தொகுதி இனி இல்லை. முப்பத்தைந்து வருடம். கில்கிரைஸ்ட் அதை ஆதரித்தே வாக்களித்திருக்கிறார். பத்திரிகையில் பெயர்ப் பட்டியலில் நான்காவதாக இருக்கிறார். அவர் உறுப்பினராக இருந்தது மொத்தம் பதினெட்டு நாள்.

"இதுக்குத்தானா?" என்றான் ஹெட்லி. பதினேழு நாளில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

14 ஏப்ரல், வியாழன்

சுரங்க வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். நானே போய்ப் படித்தேன். தாது தீர்ந்துவிட்டதால் மே மாதக் கடைசியோடு சுரங்கம் மூடப்படும். கம்பெனி வீடுகளை ஜூன் முப்பதுக்குள் காலி செய்ய வேண்டும். விலக்கு யாருக்கும் இல்லை. "பிப்ரவரி 12ஆம் தேதி இயக்குநர் குழு எடுத்த தீர்மானத்தின்படி."

பன்னிரண்டாம் தேதி. கிராண்டல் என் வீட்டில் கேக் சாப்பிட்டது பதினெட்டு. நான் எழுதியது இருபத்தொன்று.

எந்தப் பெயரை எழுதியிருந்தாலும் ஜூன் முப்பதுதான். அந்தத் தேதியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே நின்றேன். பின்னால் நின்ற சுரங்கக்காரர் ஒருவர், "கொஞ்சம் நகருங்க அம்மா, நாங்களும் படிக்கணும்" என்றார். கோபமே இல்லை அவர் குரலில்.

28 ஜூன், செவ்வாய்

காலி செய்தாயிற்று. கீழ் ஏரியில் ஹெட்லியின் தங்கை வீட்டில் பின்கட்டு அறை.

3 அக்டோபர் 1940, வியாழன்

இரண்டு வருடமாக இந்த நோட்டைத் திறக்கவில்லை. இன்று திறக்கக் காரணம் ஒரு கடிதம். மாகாண நூலகத்தில் ஒழிக்கப்பட்ட தொகுதிகளின் வரலாற்றைத் தொகுக்கிறார்களாம். ஹெரான் ஏரியைப் பற்றி அதன் கடைசித் தேர்தல் அதிகாரி நான்கு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். மரியாதையான கடிதம். பயம் அப்படியே இருக்கிறது, எங்கும் போகவில்லை. உறையில் அரசு முத்திரையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

10 அக்டோபர், வியாழன்

எழுதி முடித்தேன். 1903 முதல் ஒவ்வொரு தேர்தலும், ஜெயித்தவர், வாக்கு வித்தியாசம், சாவடிகள் பத்தொன்பதிலிருந்து ஏழாகக் குறைந்தது, எல்லாம் மூன்று பக்கத்தில் அடங்கிவிட்டது. நான்காவது பக்கம் 1938. "கில்கிரைஸ்ட், தேர்தல் அதிகாரியின் வாக்கால்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். அதோடு நிறுத்தினால் அதுவும் உண்மைதான். யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

காலையிலிருந்து மதியம் வரை அந்த முற்றுப்புள்ளியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்: ஏழாவது மைல் முகாமின் பதினான்கு சீட்டுகளில் முதலெழுத்து இல்லாமல் போனது என் உத்தரவால். சாவடி அதிகாரி அர்வோ லெஹ்ட்டோ எதையும் மறக்கவில்லை. எண்பத்தோராவது பிரிவு எனக்குத் தெரியும். நீதிபதி கேட்டபோது நான் இல்லை என்றேன். இந்தத் தொகுதியின் கடைசித் தேர்தலில் ஜெயித்தவர் நில்ஸ் சோர்லி.

ஹெட்லி தலையணையில் சாய்ந்தபடி நான்கு பக்கத்தையும் படித்தான். இப்போதெல்லாம் ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை ஓய்வெடுக்கிறான்.

"இதை எவன் படிக்கப் போறான்?"

"யாரும் படிக்க மாட்டாங்க."

"அப்புறம் ஏன் உனக்கு இப்படி வேர்க்குது?"

நான்காவது பக்கத்துக்கு மட்டும் இன்னொரு பிரதி எடுத்திருந்தேன். அதை அவனிடம் காட்டினேன். அவர் வடக்கே ஒரு முகாமில் இருப்பதாகக் கேள்வி, அந்த விலாசத்தை உறைமேல் எழுதியிருந்தேன். திரு. அர்வோ லெஹ்ட்டோ. ஹெட்லி அந்தப் பெயரைப் படித்தான். தபாலில் போட என்னோடு வருவதற்காகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான். வேண்டாம், படு என்றேன்.

தனியாகத்தான் போனேன். நூலகத்துக்கான உறை தபால் பெட்டிக்குள் சுலபமாக விழுந்தது. அர்வோவுக்கான உறையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடிதம் போட வந்த ஒரு பெண், "அம்மா, நீங்க போடறீங்களா, நான் போடவா?" என்று கேட்டாள். "நானே போடறேன்" என்று சொல்லிப் போட்டேன்.